விருந்தாளி எழுந்தானா

பிர்னோவில் நவம்பர். நாலரைக்கே இருட்டிவிட்டது.
டிராம் திரும்புகையில் கிறீச்சிடும் முனையில்,
மூன்றாம் மாடியில்,
யித்கா ப்ரோகஷோவா நீக்கிக்கொண்டிருக்கிறாள்.

எழுதவில்லை. நீக்குகிறாள்.

அறுபத்துமூன்று கோப்புகள்.
ஒவ்வொன்றின் தலையிலும் அதே முப்பது வரி:
இல்லாத ஒரு கணினியை உண்டாக்கு,
நினைவகம் கொடு, பக்க அட்டவணை விரி,
ஒற்றைச் செயலியை உள்ளே உட்கார்த்து,
அடுக்கைச் சரிபார், பிறகு ஓட விடு.
சோதிக்க வேண்டியதோ ஒன்றுதான்:
இந்தப் பதிவேட்டைக் கேட்டால் எட்டு வருகிறதா?
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.

முதலில் யாரோ எழுதினார், மற்றவர்கள் நகலெடுத்தார்கள்.
பதினோரு கோப்புகளின் குறிப்புரையில்
ஒரே எழுத்துப்பிழை.
அதைப் பிடித்துக்கொண்டே போனால்
யார் யாரிடம் வாங்கினார் என்று வம்சாவளியே வரையலாம்.
ஒன்பதாவது இடத்தில் யித்கா.
ரொட்டியைக் கடித்தபடி
தன் பிழையையும் அழித்தாள்.

முப்பது வரிக்குப் பதில் இப்போது ஒரு வரி:
வீட்டைக் கட்டி, ஆளை உள்ளே விட்டு,
சாவியை என்னிடம் தா.

விருந்தாளி என்றுதான் அந்தத் தொழிலில் அவனுக்குப் பெயர்.
நம் மொழியில் விருந்து என்றால் புதிது;
அவன் அதைவிடப் புதிது,
பிறந்து அரை நொடிகூட ஆகாதவன்.
தான் விருந்தாளி என்பதே அவனுக்குத் தெரியாது.
முழு இயந்திரமும் தனதென்று நினைப்பான்.
அவன் கடிகாரம் யாரோ திருகி வைத்தது.
அவனுடைய முதல் பக்கம்
வேறெவருடைய நடுப்பக்கமோ.
சொல்ல ஏதாவது இருந்தால் உள்ளிருந்து தட்டுவான்.
அந்தத் தட்டலைக் கேட்பதற்குத்தான்
இத்தனை ஏற்பாடும்.

நாற்பத்தொன்றாவது கோப்பு
சிவப்பு.

ஆறு வருஷமாய்ப் பச்சையில் 'தேறியது' என்று சொல்லிவந்த கோப்பு.
பழைய முப்பது வரியைத் திரும்ப வைத்தாள்: பச்சை.
தன் ஒரு வரியை வைத்தாள்: சிவப்பு.
யாராயிருந்தாலும் முதலில் தன்னைத்தான் சந்தேகிப்பார்கள்.
ஒன்பது மணிவரை அவளும் அதையே செய்தாள்.
தூசுறிஞ்சியோடு வந்த ஹலீனாவுக்காக
காலைத் தூக்கிக்கொண்டு
அச்சிட்ட தாளை மடியில் வைத்துப் படித்தாள்.

பழைய வரிகளில் பதினேழாவது.
ஒரு ஆச்சரியக்குறி.
சி மொழியில் அதற்கு வியப்பில்லை.
'இல்லை' என்று பொருள்.
வசதி இல்லையென்றால் திரும்பிப் போ
என்றிருக்க வேண்டிய இடத்தில்
குறி விழுந்துபோய்,
வசதி இருந்தால் திரும்பிப் போ.
வசதி இல்லாத இயந்திரமோ
இப்போது எவரிடமும் கிடையாது.

ஆக,
வீடு கட்டினார்கள். அட்டவணை விரித்தார்கள்.
விருந்தாளியை ஒருநாளும் எழுப்பவில்லை.
ஒருவரும் உட்காராத பந்திக்கு
ஆறு வருஷம்
'சாப்பாடு பிரமாதம்'.

எழுதியவர் டென்மார்க்கில், ஆர்ஹுஸில் இருக்கிறார்.
மொகென்ஸ் யூல்.
கடிதத்தில் ஒரு வாக்கியம் காரமாய் வந்துவிட்டது.
அதையும் நீக்கினாள்; இன்று கை அப்படிப் பழகியிருந்தது.
பத்தே நிமிடத்தில் பதில்:
'என்னுடையதுதான்.
அந்த வாரம் வீடு மாறிக்கொண்டிருந்தேன்.
பெட்டிகளுக்கு நடுவே தட்டியது.
நல்லவேளை, நீங்கள் குறைத்தீர்கள்.'

இவ்வளவோடு முடிந்திருந்தால் நிம்மதியாய்க் கிளம்பியிருப்பாள்.
ஆனால் குறியைச் சரிசெய்தும் சிவப்புதான்.
முதல்முறையாய்க் கண்விழித்தவன்
ஓடுகிறான், தட்டுகிறான்,
எட்டு வர வேண்டிய இடத்தில்
பூஜ்யம் சொல்கிறான்.
கேள்வி தப்பா,
கருவிலேயே கோளாறா?

நீக்கியவை: ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு வரி.
சேர்த்தவை: தொண்ணூற்றாறு.
தோற்றது: ஒன்று.
கடைசி எண்ணை மட்டும் நாளைவரை ஒளித்துவைக்கலாம் என்று
ஒரு கணம் தோன்றாமல் இல்லை.
அப்படியே அனுப்பினாள்.

டிராம் போய்விட்டது.
இரவுப் பேருந்துக்கு நாற்பது நிமிடம்.
கோட்டை மாட்டி, விளக்கை அணைத்துவிட்டு
மறுபடி உட்கார்ந்தாள்,
திரை வெளிச்சத்தில்,
பூஜ்யத்தோடு.